பூட்டு 500 ரூபாய், ஆணி 2 ரூபாய்! திருடன் கை வைப்பது எதில்?

வெளியூர் போகிறவர்கள் பூட்டைப் பெரிசாகத்தான் வாங்குகிறார்கள். 500 ரூபாய் பூட்டு! ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு நிம்மதியாக பஸ் ஏறுகிறார்கள்.

ஆனால், அந்தப் பூட்டு தொங்கும் நாதாங்கியைக் கதவோடு பிடித்து வைத்திருப்பது எது? நாலே நாலு ஸ்குரூ!

அதன் மண்டை வெளியே தெரிந்தால் போச்சு. திருடன் பூட்டைத் தொடவே மாட்டான். சத்தமும் கேட்காது. நாலையும் கழற்றி, பூட்டோடு நாதாங்கியைத் தொங்க விட்டுவிட்டு உள்ளே நுழைந்துவிடுவான்.

ஒத்தைக் கோடு

மண்டையில் ஒரே ஒரு கோடு வெட்டிய பழைய ரகம்தான் ரொம்ப மோசம். இதற்குத் திருப்புளி கூட வேண்டாம். தேய்த்த தகடு இருந்தால் போதும். முடுக்கும்போதும் திருப்புளி பக்கவாட்டில் சறுக்கிக் கையைக் கிழிக்கும்.

எது "ஸ்டார்"?

இப்போது கடைகளில் நிறையக் கிடைப்பது கூட்டல் குறி போட்ட ஸ்குரூ. அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் என்பவர் 1936-ல் காப்புரிமை பெற்றது. திருப்புளி தானாக நடுவில் உட்காரும். மிஷின் வைத்து முடுக்கவும் வசதி.

ஆனால் பலம் கூடினால் முனை வெளியே எகிறும். நாலு தடவை எகிறினால் மண்டை தேய்ந்துவிடும். அப்புறம் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது! கதவுக்குப் போடும் 8-ம் நம்பர் ஸ்குரூவுக்கு 2-ம் நம்பர் முனைதான் சரி. 1-ம் நம்பரை விட்டுத் திருகினால் மண்டை காலி.

1967-ல் வந்த "டார்க்ஸ்" ரகத்தில் பள்ளம் ஆறு முனை நட்சத்திரமாக இருக்கும். எகிறுவது குறைவு. வம்பு என்னவென்றால், கூட்டல் குறியையும் "ஸ்டார்" என்கிறார்கள், இதையும் "ஸ்டார்" என்கிறார்கள்! கடைக்குப் போகும்போது பழைய ஆணி ஒன்றைக் கையோடு கொண்டு போய்க் காட்டுங்கள்.

டார்க்சிலேயே நடுவில் சின்ன முளை வைத்ததும் உண்டு. சாதாரண முனை உள்ளே போகாது. முடுக்க மட்டும் முடிகிற, கழற்ற முடியாத ஒருவழி ஸ்குரூவும் இருக்கிறது. ஆனால் தப்பாக முடுக்கிவிட்டால் நீங்களே கழற்ற முடியாது, ஜாக்கிரதை!

கறுப்பு ஆணி

ஜிப்சம் பலகைக்கான கறுப்பு ஸ்குரூவைச் சிலர் கீலுக்கும் நாதாங்கிக்கும் போட்டு விடுகிறார்கள். இது கடினமான இரும்பு. வளையாது, படக்கென்று ஒடியும். கதவுக்கு ஆகவே ஆகாது.

நாதாங்கிக்கு நல்லது, வழுவழுப்பான உருண்டை மண்டை போல்ட். வெளியே திருகுவதற்குப் பள்ளமே கிடையாது. உள்பக்கம் நட்டுப் போட்டு முடுக்கிவிடலாம்.

கதவைத் துளைக்க வீட்டுக்காரர் விடமாட்டாரா? மடக்கிப் பூட்டினால் தகடே ஸ்குரூ மண்டைகளை மூடிவிடும் நாதாங்கியும் இருக்கிறது. வாங்கும்போது கடையிலேயே மடக்கிப் பாருங்கள். மண்டை ஒன்று வெளியே தெரிந்தாலும் வேறு எடுக்கச் சொல்லுங்கள்.