ஏணியிலே ஏறிய பாடம்

சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குக் கொலுசு வாங்கப் போகிறவர்கள் கடையோடு திரும்பிவிடுகிறார்கள். ஒரு முறை பட்டறைச் சந்துக்குள்ளேயும் எட்டிப் பாருங்கள். ஒருவர் வெள்ளிக் கம்பி இழுப்பார், ஒருவர் வளையம் கோப்பார், இன்னொருவர் பற்றவைப்பார். புதிதாக வந்த பையனிடம், "இன்று ஆனி முதல் தேதி. எல்லோரும் பற்றவைக்கும் நாள். நீயும் ஊது!" என்று யாராவது சொல்வார்களா? ஒரு வேலை கைக்கு வந்த பிறகுதான் அடுத்த வேலை.

பள்ளிக்கூடத்தில் மட்டும் நாம் வேறு மாதிரி நடந்துகொண்டோம். அம்மை கண்டு பத்து நாள் படுத்துவிட்டு வருவாள் குழந்தை. வகுப்பு கழித்தலுக்குப் போயிருக்கும். அவளோ கூட்டலிலேயே நிற்பாள். அன்றிலிருந்து அவளுக்கு 'மக்கு' என்று பட்டம். இப்படி நின்றுபோன பெண்களின் படிப்பு எத்தனை என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பார்க்கலாமே!

இதற்கு மாற்றாகத்தான் 'செயல்வழிக் கற்றல்' வந்தது. 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமாரின் முயற்சியால் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பமாயிற்று. விதை ஆந்திராவின் ரிஷிவேலியிலிருந்து வந்தது. அங்கே சுற்றுக் கிராமத்துச் சின்னப் பள்ளிகளுக்காக ஒரு முறை வகுத்திருந்தார்கள். சென்னை உபாத்தியாயர்கள் போய்ப் பார்த்துக் கற்று வந்தார்கள். 2007-08-ல் தமிழ்நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளின் முதல் நான்கு வகுப்புகளுக்கு அது பரவியது.

வகுப்பறையே அடையாளம் தெரியாமல் மாறிப்போயிற்று. பெஞ்சு இல்லை, பிரம்பு இல்லை. பாயிலே வட்டமாகக் குழந்தைகள். கூடவே டீச்சரும் தரையில். சுவரின் அடியில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. மேலே கட்டிய கம்பியில் அவர்கள் வரைந்த படங்கள் தொங்கின. சுவரில் ஏணி போல ஒரு படம். அதன் ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னம். குழந்தை தன் படியைப் பார்த்து, அதே சின்னமுள்ள அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்து வரவேண்டும். முதலில் டீச்சர் சொல்லித் தருவார், பிறகு தோழிகள் துணை, அப்புறம் தனியே. சோதனைகூட ஏணியிலேயே ஒரு படிதான். காய்ச்சலில் படுத்த பெண், விட்ட படியிலேயே மீண்டும் காலை வைக்கலாம். என் மனத்தைத் தொட்டது இதுதான்.

தாய்மார்கள் சும்மா இருந்தார்களா? "புத்தகத்தைத் திறப்பதேயில்லை, என்ன படிப்போ!" என்று அலுத்துக்கொண்டவர்கள் உண்டு. டீச்சர்கள் பாடும் லேசல்ல. நாற்பது குழந்தை நாற்பது படியில் நின்றால் இரண்டு கண் போதுமா? அட்டைகள் கிழிந்தால் மாற்று வரவேண்டும். முறை நல்லதுதான், ஆனால் ஈடுபாடுள்ள டீச்சர் இல்லாத இடத்தில் அட்டை வெறும் அட்டைதான்.

குழந்தை தானே பொருளைத் தொட்டுக் கற்பது நமக்கு அன்னியமுமல்ல. இத்தாலியிலிருந்து மாண்டிசோரி அம்மையார் 1939-லேயே சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். அப்போது அது பெரும்பாலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே கிட்டியது. செயல்வழிக் கற்றலில்தான் கூலிக்காரர் வீட்டுக் குழந்தையும் அட்டையைக் கையில் எடுத்தது.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பின், 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' தொடங்கியது. அதிலும் வகுப்பைவிடக் குழந்தையின் நிலையையே பார்த்தார்கள்: அரும்பு, மொட்டு, மலர். மூன்றாம் வகுப்புப் பெண் அரும்பிலிருந்தால் அரும்புப் பாடம், தேறியதும் மொட்டு.

அடுத்த தடவை டீச்சரைப் பார்க்கும்போது, "எத்தனையாவது ராங்க்?" என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள், அம்மா. "எதுவரை வந்திருக்கிறாள்? எங்கே தடுக்குகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்.