பருவம் தவறும் பசு: விற்கும் முன் நாள் கணக்கைப் பாருங்கள்

மூன்று முறை சினை ஊசி போட்டும் பிடிக்கவில்லை என்று சொல்லி, நன்றாகக் கறந்த பசுவை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடும் விவசாயிகள் உண்டு. இப்படி விற்கப்படும் பசுக்கள் எல்லாமே மலடு அல்ல. ஹார்மோன் எனப்படும் சுரப்புநீர்கள் முறை தவறியதால் சினை பிடிக்காத பசுக்களும் அவற்றில் உண்டு. காலத்தோடு கண்டுகொண்டால் இவற்றில் பலவற்றைக் குணப்படுத்தலாம். கண்டுகொள்ளக்கூடியவர், தினமும் பசுவோடு பழகும் விவசாயியே.

மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பி, இரத்தத்தின் வழியாகச் சினைப்பைக்கு ஹார்மோன்களை அனுப்புகிறது. அதன்படி சினைமுட்டை முதிர்ந்து வெளிவருகிறது. சினை பிடிக்காவிட்டால், 18 முதல் 24 நாட்களுக்குள், பெரும்பாலும் 21ஆம் நாளில், பசு மீண்டும் பருவத்துக்கு வரும்.

பருவத்தில் உள்ள பசு கத்தும். தீவனம் குறைவாக எடுக்கும். கண்ணாடி போன்ற வழும்பு ஒழுகும். வேறு மாடு மேலே தாவினால் அசையாமல் நிற்கும். காலையில் இக்குறிகளைக் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் கருவூட்டல் செய்ய வேண்டும்.

அடிக்கடி பருவமா?

எட்டு நாள், பத்து நாள் என்று கணக்கில்லாமல் பருவத்துக்கு வருவதும், பருவக்குறிகள் பல நாட்கள் நீடிப்பதும் சினைப்பையில் நீர்க்கட்டி இருப்பதன் அறிகுறிகள். முட்டையை வெளியேற்றும் ஹார்மோன் வேளைக்குச் சுரக்காததால், முட்டைப்பை உடையாமல் பெருத்துவிடுகிறது. இத்தகைய பசு எருதைப் போல மற்ற மாடுகள் மீது தாவும். நாள் கடந்தால் வாலடியின் இருபுறமும் குழி விழும். அதிகம் கறக்கும் கலப்பினப் பசுக்களில், கன்று ஈன்ற முதல் இரண்டு மாதங்களில் இது கூடுதலாகக் காணப்படும். கால்நடை மருத்துவர் சோதித்து, தக்க ஹார்மோன் ஊசி போட்டால் பல பசுக்கள் சில வாரங்களில் சரியான பருவத்துக்கு வந்துவிடும். இக்குறை வம்சவழியாகவும் தொடரக்கூடும். ஆகவே அப்பசுவின் காளைக் கன்றைப் பொலிகாளையாக வளர்க்க வேண்டாம்.

பருவமே வரவில்லையா?

கன்று ஈன்று மூன்று மாதம் கடந்தும் பருவம் வராத பசுவில் முதலில் பார்க்க வேண்டியது அதன் உடம்பு. விலா எலும்பு தெரிய மெலிந்திருந்தால், தீவனக் குறைவால் சினைப்பை வேலை செய்யாமல் இருக்கலாம். பசும்புல், அடர்தீவனம், தினமும் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை, குடற்புழு மருந்து இவையே இதற்கு அடிப்படை வைத்தியம். வயிறு காய்ந்த பசுவுக்கு ஊசி மட்டும் போட்டுப் பயனில்லை.

உடம்பு நன்றாக இருந்தும் பருவம் வராவிட்டால், நீர்க்கட்டியோ கருப்பையில் சீழோ இருக்கலாம். சில பசுக்கள் கத்தாமலே, இரவு நேரத்தில் பருவத்துக்கு வந்து போவதும் உண்டு. எனவே விடியற்காலையிலும் இரவு படுக்கும் முன்பும் ஒருமுறை கவனியுங்கள்.

ஏற்கெனவே கருவூட்டல் செய்த பசுவாகவோ காளையோடு மேய்ந்த பசுவாகவோ இருந்தால், அது சினையாகவே இருக்கலாம். பருவத்தை வரவழைக்கும் சில ஊசிகள் சினைப் பசுவுக்குப் போட்டால் கரு கலைந்துவிடும். சினைப் பரிசோதனை செய்யாமல் எந்த ஹார்மோன் ஊசியும் போட விடாதீர்கள்.

சரியாக 21 நாளுக்கு ஒருமுறை வந்தும் சினை பிடிக்காத பசுவின் கதை வேறு. கருவூட்டல் நேரம் தவறியிருக்கலாம். கருப்பையில் நோய் இருக்கலாம். வழும்பு கலங்கியோ சீழ் கலந்தோ இருந்தால் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

இரட்டைக் கன்று

காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரி வாங்குவோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கருவில் இரண்டின் இரத்தமும் கலப்பதால், காளைக் கன்றின் ஹார்மோன்கள் கிடேரியின் கருப்பையை வளரவிடுவதில்லை. இத்தகைய கிடேரிகளில் நூற்றுக்கு 90க்கு மேல் மலடாகவே இருக்கும். இதற்கு வைத்தியம் கிடையாது. மருத்துவரிடம் காட்டி, இளங்கன்றாக இருக்கும்போதே உறுதி செய்துகொண்டால் வீண் தீவனச் செலவு மிச்சம்.

காலண்டரே கருவி

கன்று ஈன்ற தேதி, பருவம் கண்ட தேதி, ஊசி போட்ட தேதி, வழும்பின் நிறம் ஆகிய நான்கையும் வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். மருந்தகத்துக்குப் போகும்போது அதையும் எடுத்துச் செல்லுங்கள். பசுவால் சொல்ல முடியாததை அந்தத் தேதிகள் மருத்துவருக்குச் சொல்லும். சந்தைக்குக் கயிறு பிடிக்கும் முன், ஒருமுறை கால்நடை மருந்தகத்துக்குப் பசுவை ஓட்டிச் செல்லுங்கள்.