பார்மட் செய்யுமுன் அறிய வேண்டுவன

வீட்டுக் கணிப்பொறி இன்று வீட்டின் ஆவணப் பெட்டியாகவும் விளங்குகின்றது. நிலப் பத்திரத்தின் படி, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், திருமணப் படங்கள், மாணவர் பல்லாண்டு உழைத்து எழுதிய ஆய்வேடு ஆகிய யாவும் அதன் வன்வட்டிலோ விரலளவே உள்ள பென்டிரைவிலோ அடங்கிக் கிடக்கின்றன. ஒருநாள் அவ்வட்டைப் பொருத்தியதும், 'இதனைப் பயன்படுத்துவதற்கு முன் பார்மட் செய்தல் வேண்டும், செய்யலாமா?' எனக் கணிப்பொறி வினவுகின்றது. இயந்திரம் கேட்டால் காரணம் இருக்கும் என்றெண்ணி, 'ஆம்' என்னும் பொத்தானை அழுத்திவிடுவோர் நம்மிடையே பலர். அவ்வினாவின் பொருள் யாது, விடையிறுக்குமுன் ஆராய வேண்டுவன யாவை என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நிலமும் பதிவேடும்

ஒரு பெருநிலத்தை மனைகளாகப் பிரிப்பதை எண்ணிப் பார்ப்போம். முதற்கண் நிலத்தை அளந்து எல்லைக்கல் நடுகின்றனர். பின்னர், எந்த மனை எவருக்குரியது என்பதைப் பதிவேட்டில் எழுதுகின்றனர். வட்டிலும் இவ்விரு பணிகளே நிகழ்கின்றன. 1990களில் பெருவழக்காயிருந்த மூன்றரை அங்குல நெகிழ்வட்டை எடுத்துக்கொள்வோம். அதற்குப் பக்கங்கள் 2. பக்கத்திற்குத் தடங்கள் 80. தடத்திற்குப் பகுதிகள் 18. பகுதிக்கு 512 பைட்டுகள். இவற்றைப் பெருக்க வரும் 14,74,560 பைட்டுகளே அதன் கொள்ளளவு. 1.44 எம்.பி. என்று அந்நாளில் வழங்கியது இதனையே ஆகும்.

இன்றைய வன்வட்டுகளில் எல்லை வகுக்கும் பணி தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகின்றது. நாம் வீட்டில் 'பார்மட்' எனச் செய்வது, பெரும்பாலும் புதியதொரு பதிவேட்டைத் திறந்து வைப்பதே. இப்பதிவேட்டை எழுதும் முறைகள் பல. 1993இல் வந்த என்.டி.எஃப்.எஸ்., 1996இல் வந்த ஃபேட்32, 2006இல் வந்த எக்ஸ்ஃபேட் ஆகியன விண்டோஸ் கணிப்பொறிகள் அறிந்த முறைகள்.

விரைவு பார்மட் என்பது பழைய பதிவேட்டை அகற்றிப் புதியதை வைப்பதோடு நின்றுவிடும். பென்டிரைவிலும் பழைய வகை வன்வட்டிலும் மனைகளிலுள்ள பொருள் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். முயன்றால் மீட்கவும் இயலும். முழு பார்மட் அத்தகையதன்று. 2007இல் பொது விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு, அது வட்டு முழுவதையும் சுழியங்களால் நிரப்பிவிடுகின்றது. அதன்பின் மீட்பதற்கு ஒன்றுமில்லை. எஸ்.எஸ்.டி. எனப்படும் புதுவகை வட்டுகளிலோ விரைவு பார்மட்டே பழையனவற்றை அடியோடு அழித்துவிடக் கூடும்.

மூவகைப் பழுதுகள்

ஒரு கோப்பு திறக்கவில்லை என்றால், பழுது மூன்றிடங்களுள் ஒன்றில் இருக்கலாம்: நிலத்தில், பதிவேட்டில், அல்லது கோப்பு எழுதப்பட்ட முறையில். எங்கே என்று தெளியாமல் பார்மட் செய்வது, நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பதை ஒக்கும்.

முதலாவது, நிலத்தின் பழுது. வட்டிலிருந்து 'டிக் டிக்' என்னும் ஒலி எழுதல், படியெடுக்கையில் நெடுநேரம் நின்றுவிடுதல், கொள்ளளவே தோன்றாமை ஆகியன இதன் அறிகுறிகள். ஒலி கேட்பின் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வல்லுநரிடம் ஒப்படைத்தலே நன்று. ஒலி இல்லையேல், வேறு கம்பியிலும் வேறு துளையிலும் வேறு கணிப்பொறியிலும் பொருத்திப் பார்த்தல் வேண்டும். பழுது வட்டில் இல்லாமல் கம்பியில் இருப்பதும் உண்டு.

இரண்டாவது, பதிவேட்டின் பழுது. எழுதிக்கொண்டிருக்கும்போதே பென்டிரைவைப் பிடுங்குவதால் பதிவேடு சிதைவதுண்டு. சிதையாத பதிவேடும் கணிப்பொறிக்குப் புரியாமற் போவதுண்டு. லினக்ஸில் ஈ.எக்ஸ்.டி.4 முறையிலோ, மேக் கணிப்பொறியில் ஏ.பி.எஃப்.எஸ். முறையிலோ அமைந்த வட்டை விண்டோஸ் தானாகப் படிப்பதில்லை. ஆதலின் நல்ல வட்டைக் கண்டும் 'பார்மட் செய்யலாமா?' என்றே அது கேட்கும். வட்டு எந்தக் கணிப்பொறியிலிருந்து வந்தது என்பதை விசாரித்து, அவ்வகைக் கணிப்பொறியிலேயே பொருத்தினால் கோப்புகள் குறைவின்றித் தோன்றும்.

பதிவேடு மெய்யாகவே சிதைந்திருப்பின், 'வேண்டாம்' என்பதே நம் விடையாக இருத்தல் வேண்டும். அவ்வட்டில் புதிதாக எதனையும் எழுதலாகாது. டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் ஆகிய இலவச மென்பொருள்கள் மீட்புக்கு உதவும். மீட்டவற்றை வேறொரு வட்டிலேயே சேமித்தல் வேண்டும். விண்டோஸின் வட்டுச் சோதனைக் கட்டளை பதிவேட்டைத் திருத்தி எழுதும் இயல்பினது. ஆதலின் அதனையும் மீட்புக்குப் பின்னரே பயன்படுத்தலாம். முதலில் மீட்பு, அடுத்துச் சோதனை, இறுதியிலேயே பார்மட் என்பது மறவாது பின்பற்ற வேண்டிய வரிசை.

மூன்றாவது, வட்டும் பதிவேடும் நன்றாயிருந்தும் கோப்பு விளங்காமை. படம் ஓடுகின்றது, ஒலி இல்லை. அல்லது ஒலி கேட்கின்றது, படம் இல்லை. எம்.பி.4, எம்.கே.வி., ஏ.வி.ஐ. என்பன உறையின் பெயர்கள் மட்டுமே. உறைக்குள் படமும் ஒலியும் வெவ்வேறு முறைகளில் சுருக்கப்பட்டுள்ளன. 2003இல் வந்த எச்.264 முறையை அறிந்த கருவி, 2013இல் வந்த எச்.265 முறையை அறியாதிருக்கலாம். கோப்பின் பெயரீற்றை மாற்றுவதால் பயனில்லை. உறைமேல் எழுதிய பெயரை மாற்றினால் உள்ளேயுள்ள கடிதத்தின் மொழி மாறிவிடுமா? வி.எல்.சி. போன்ற பலமுறை அறிந்த மென்பொருளில் திறந்து பார்த்தலும், ஹேண்ட்பிரேக் போன்றவற்றால் முறை மாற்றிக்கொள்ளுதலுமே தீர்வு. முறை மாற்றினாலும் மூலக் கோப்பை அழித்தல் கூடாது.

தமிழ் பயில்வோர் இவ்விடத்தில் ஒன்றைக் கருத வேண்டும். 1990களில் தட்டச்சிட்ட தமிழ்க் கோப்புகள் பலவும் எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபட்ட குறியீட்டில் அமைந்தவை. இன்று அவற்றைத் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். அவை கெட்டுவிடவில்லை. உரிய எழுத்துருவை நிறுவினாலோ, யூனிகோடு முறைக்கு மாற்றினாலோ மீண்டும் தமிழாகும்.

பார்மட் எப்பொழுது?

கோப்புகளை வேறிடத்தில் பத்திரப்படுத்திய பின்னர், தேவைக்கேற்பப் பார்மட் செய்யலாம். ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4,29,49,67,295 பைட்டுகளைத் தாண்ட இயலாது. பென்டிரைவில் இடம் நிரம்ப இருந்தும் நீண்டதொரு திருமணப் படம் ஏறாமைக்குக் காரணம் இதுவே. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றின் அத்தடை நீங்கும். எனினும் பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் சில அம்முறையை அறியா. மெமரி கார்டு பார்மட்டை ஏற்க மறுப்பின், அதன் விளிம்பிலுள்ள சிறு பூட்டு 'எழுதத் தடை' நிலையில் உள்ளதா என்பதை முதலில் பார்த்தல் தகும்.

ஏடு நைந்துபோகுமுன் புதிய ஓலையில் படியெடுத்து வைத்ததனாலேயே பழந்தமிழ் நூல்கள் நம்மை வந்தடைந்தன. வட்டும் ஓலையைப் போலவே அழியும் பொருளே. தேவையானவற்றுக்கு இரு படிகள் எடுத்து, ஒன்றை வேறிடத்தில் வைப்போமாக. அங்ஙனம் வைத்தோர்க்குக் கணிப்பொறியின் அவ்வினா அச்சம் தருவதன்று.