காட்டம் குறைந்த சுருட்டு கேட்டால்...

ஆங்கிலத்தில் வழங்கும் ‘செரூட்’ என்ற சொல் நம் ‘சுருட்டு’ போய்ச் சேர்ந்த சொல்தான். 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்தே, கொலையாளி பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறார். உறையூர்ச் சரக்குக்கு அவ்வளவு பெயர்!

சுருட்டுக்கு என்றே வரும் பழைய வாடிக்கையாளர் எதையும் கேட்கமாட்டார். கையை நீட்டுவார், கொடுப்போம். புதிதாக வருகிறவர்தான், “காட்டம் இல்லாததாக ஒன்று கொடுங்கள்” என்கிறார். கையில் அகப்படும் மெல்லிய சுருட்டை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். இது தவறு. மெலிதாக இருப்பதாலேயே காட்டம் குறைந்துவிடாது.

நிறத்தை வைத்துச் சொல்வதும் அப்படித்தான். மேலே சுற்றிய இலை கறுத்திருந்தால் காட்டம் என்று நினைக்கிறோம். அதிக நாள் அடுக்கிப் புழுங்க வைத்ததால் கறுத்த இலையும் உண்டு. அதில் இலேசான இனிப்புகூடத் தட்டும். காட்டத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் இலை. ஒரே செடியில் வெயில் நன்றாகப் படும் மேல் இலையில் நிக்கோட்டின் அதிகம், அடி இலையில் குறைவு. ஆகவே மொத்த வியாபாரியிடம் கொள்முதலின்போது கேட்க வேண்டியது, “உள்ளே என்ன இலை, எத்தனை காலம் பாடம் செய்தது?” என்பதுதான். பதில் சொல்லத் தெரியாதவரிடம் இந்தச் சரக்கை வாங்காதிருப்பது நல்லது. வெளிநாட்டுச் சரக்கில், துணிப்பந்தல் நிழலில் வளர்த்த வெளிர் நிற ‘கனெக்டிகட்’ இலை சுற்றியவற்றைப் பொதுவாகக் காட்டம் குறைந்த வகையில் சேர்ப்பார்கள். அங்கும் உள்ளிலையைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. சிகரெட் பழகியவர் சுருட்டையும் அதுபோல உள்ளே இழுப்பார். சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது. வாயில் நின்றாலே நிக்கோட்டின் இரத்தத்தில் சேரும். வெறும் வயிற்றில் பிடித்த புதியவருக்குத் தலை சுற்றும், வியர்க்கும், வாந்தி வரும். மறுநாள் வந்து, “கெட்ட சரக்கைக் கொடுத்துவிட்டீர்” என்று நம்மிடம்தான் சண்டை பிடிப்பார்.

காட்டம் குறைவு என்பது சுவையைப் பற்றிய பேச்சு மட்டுமே. உள்ளே இழுக்காவிட்டாலும் வாய், தொண்டைப் புற்றுநோய்க்குச் சுருட்டு காரணமாகிறது. “இது உடம்புக்கு ஒன்றும் செய்யாது” என்ற வார்த்தை நம் வாயிலிருந்து வரக்கூடாது. பழக்கமே இல்லாதவர் கேட்டால், தொடங்காதிருப்பதே நல்லது என்று சொல்லிவிடலாம். ஒரு சுருட்டு லாபம் போனால் போகட்டும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது. கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் எவருக்குமே விற்கக்கூடாது. அபராதம் 200 ரூபாய்தானே என்று அலட்சியம் வேண்டாம். சிறுவருக்குப் புகையிலை கொடுத்தால் 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தில் 7 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். “அப்பா வாங்கி வரச் சொன்னார்” என்று வரும் பையனையும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இனி, மளிகைக்காரருக்கென்றே உள்ள தொல்லை. சுருட்டு பக்கத்தில் உள்ள வாசனையை இழுத்துக்கொள்ளும். ஊதுபத்தி, சோப்பு, கற்பூரம், பெருங்காயம் இவற்றோடு ஒரே அலமாரியில் வைத்தால் சுவை கெட்டது கெட்டதுதான். வெயில் படும் கண்ணாடிப் பெட்டியில் காய்ந்துபோன சுருட்டு, பிடித்தால் சுள்ளென்று எரியும். காட்டம் குறைந்தது என்று வாங்கியதும் காட்டமாகத் தெரியும். சிறு மூடிய டப்பாவில், நிழலில், கொஞ்சமாக வாங்கி வையுங்கள்.

சுருட்டில் குண்டூசி குத்தியது போன்ற துளையும் அடியில் பொடியும் தெரிந்தால் அது வண்டு. அந்த டப்பாவை அன்றைக்கே கடையை விட்டு வெளியேற்றுங்கள். புகையிலையைத் துளைக்கும் அதே வண்டுதான் மஞ்சளிலும் மல்லியிலும் மிளகாயிலும் விழுவது. 50 ரூபாய்ச் சரக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால் மூட்டைக் கணக்கில் போகும்.