உங்களுக்குத் தெரியுமா? ஓரகடத்து வானில் ஐந்தாறு நிமிடம்

◆ மீனம்பாக்கம் விமான நிலையத்தின் பெரிய ஓடுபாதையை மேற்கே கோடு போட்டு நீட்டினால், அது ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓரகடத்துக்கும் நடுவில் போகும். விமானம் எதிர்காற்றில்தான் இறங்கும். அதனால் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பெரும்பாலும் இந்தப் பக்கமாகவே வருகிறது. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர் தலைக்கு மேல் விளக்கெரியப் போகும் விமானத்துக்கு இன்னும் ஐந்தாறு நிமிடப் பறப்புதான் பாக்கி. அதற்குள் விமானி நெருங்கி வரும் விமானங்களை வழிநடத்தும் 'அப்ரோச்' கட்டுப்பாட்டாளரிடமிருந்து, ஓடுபாதையைக் கவனிக்கும் 'டவர்' கட்டுப்பாட்டாளருக்கு மாற வேண்டும். ரேடியோ அலைவரிசையும் மாறும்.

◆ உயரம், திசை, ஓடுபாதை எண் என்று கட்டுப்பாட்டாளர் எதைச் சொன்னாலும் விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்லியாக வேண்டும். சொன்னது சரியா என்று கட்டுப்பாட்டாளர் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். நெரிசலான வேளையில் முதலில் நழுவுவது இந்த இரண்டாவது பாதிதான்.

◆ ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஒரே நொடியில் பேசினால் மற்றவர்களுக்குக் கேட்பது 'கீ...' என்ற இரைச்சல் மட்டுமே. 1977 மார்ச் 27 அன்று, டெனெரிஃப் தீவில் மூடுபனிக்குள் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். மோதலைத் தடுத்திருக்கக்கூடிய இரண்டு தகவல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அந்த இரைச்சலில் மறைந்துபோயின.

◆ நம் நாட்டின் பெருந்துயரம் 1996 நவம்பர் 12 மாலை நடந்தது. டில்லியில் இறங்க வந்துகொண்டிருந்த கஜகஸ்தான் இல்யூஷின் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டும். டில்லியிலிருந்து ஏறிய சவூதி போயிங் 747 விமானம் 14,000 அடியில். கஜகஸ்தான் விமானத்தில் கட்டுப்பாட்டு அறையோடு ஆங்கிலத்தில் பேசியது விமானிகள் அல்ல, ரேடியோ ஆபரேட்டர். அவருக்குத் தனியாக உயரமானி கிடையாது. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டித்தான் பார்க்க வேண்டும். உத்தரவு விமானியின் கைக்குப் போய்ச் சேரவில்லை. விமானம் 15,000 அடியைத் தாண்டிக் கீழே இறங்கியது. ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வயல்களுக்கு மேல் இரண்டும் மோதின. 349 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அன்றைய டில்லி ரேடார் விமானத்தின் உயரத்தைக் காட்டாது. வருவதற்கும் போவதற்கும் வான்வழி ஒன்றே. வழிகளைப் பிரித்ததும், மோதலை முன்கூட்டி எச்சரிக்கும் கருவியைக் கட்டாயமாக்கியதும் இத்தனை உயிர்கள் போன பிறகுதான்.

◆ சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர் என்று 2022இல் அறிவித்தார்கள். அது வந்தால் நம் ஓரகடம் தொழிற்பேட்டை வானத்தை இரண்டு நிலையங்கள் பங்குபோட வேண்டிவரும். நிலம், இழப்பீடு பற்றிய பேச்சு அவசியம்தான். கட்டுப்பாட்டாளர்களைப் போதுமான எண்ணிக்கையில் இப்போதே பயிற்றுவிப்பதும் அதே அளவு அவசியம் என்பேன்.

◆ 1990 ஜனவரி 25: நியூயார்க்குக்கு வரும் வழியில் மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வானில் காக்கவைக்கப்பட்ட கொலம்பிய விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 73 பேர் பலி. எரிபொருள் தீர்கிறது என்று விமானிகள் சொன்னார்கள், முன்னுரிமை கேட்டார்கள். அவசரநிலை என்று மட்டும் அறிவிக்கவே இல்லை. இன்று அந்த நிலைக்கு 'மேடே ஃபியூயல்' என்ற அறிவிப்பு இருக்கிறது. அதைக் கேட்டால் வழிவிட்டே ஆக வேண்டும்.

◆ கொரிய, ஜப்பானியப் பொறியாளர்களோடு வேலை செய்யும் இந்த வட்டாரத்தவருக்கு அரைகுறை ஆங்கிலத்தின் கஷ்டம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஆறு படிகள் கொண்ட ஆங்கிலத் தேர்ச்சி முறையை வைத்திருக்கிறது. சர்வதேசப் போக்குவரத்தில் விமானி, கட்டுப்பாட்டாளர் இருவருமே குறைந்தது நான்காம் படியைத் தொட்டிருக்க வேண்டும்.

◆ ரேடியோ அடியோடு செத்துப்போனால்? விமானி அடையாளக் கருவியில் 7600 என்ற எண்ணைப் போடுவார்; கீழே ரேடாரில் விஷயம் தெரிந்துவிடும். டவரிலிருந்து விளக்கு காட்டுவார்கள். நிலையான பச்சை என்றால் இறங்கலாம். நிலையான சிவப்பு என்றால் வழிவிட்டு வட்டமடிக்க வேண்டும். சிவப்பு விட்டுவிட்டு எரிந்தால் இந்த நிலையத்தில் இறங்கவே கூடாது.