வீழ்த்திய பின்

மல் என்னும் சொல்லுக்கு வலிமை என்பது பொருள். படைக்கருவியின்றி, உடல் வலிமையையே துணையாகக் கொண்டு இருவர் பொருதும் கலை மற்போர் எனப்பட்டது. முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் மாமல்லன் என்னும் பட்டப்பெயரைப் பூண்டமை, அக்கலைக்கு இருந்த மதிப்பை உணர்த்தும். எனினும், மற்போரில் வெற்றியை உறுதிசெய்வது வலிமை மட்டுமன்று. வீழ்த்திய எதிரியை எழவிடாமல் நிறுத்தும் திறனே அதனை உறுதிசெய்கிறது.

புலவர் கண்ட காட்சி

போர்வைக்கோப் பெருநற்கிள்ளி என்னும் சோழன், ஆமூர் மல்லனோடு பொருது வென்றான். இவ்வூர் வேலூர்ப் பகுதியிலுள்ள ஆம்பூர் அன்று. முக்காவல் நாட்டு ஆமூர். அப்போரைச் சாத்தந்தையார் புறநானூற்றின் 80ஆம் பாடலில் பாடியுள்ளார். கிள்ளி ஒரு காலை மடித்து மல்லனின் மார்பில் ஊன்றினான். மற்றொரு காலால் அவன் செய்யும் உத்திகளைத் தடுத்து, முதுகுப்புறம் வளைத்துக்கொண்டான். மன்னனின் வலிமையைப் போற்றிய புலவர், அவன் கால்கள் இருந்த இடத்தையும் கூர்ந்து நோக்கியிருக்கிறார்.

காலின் இடமும் உடலின் எடையும்

இன்றைய பிரேசிலிய ஜுஜிட்சு விளையாட்டிலும் இதனை நினைவூட்டும் நிலை ஒன்று உண்டு. வீரர் ஒரு முழங்காலை எதிராளியின் வயிற்றின்மீது ஊன்றுகிறார். மறுகாலைப் பக்கவாட்டில் நீட்டிப் பாதத்தைத் தரையில் பதிக்கிறார். இந்நிலையை 3 வினாடி நிலைநிறுத்தினால் 2 புள்ளிகள் கிடைக்கும்.

இதன் அடிப்படை எளிய இயற்பியலே. முழங்காலின் பரப்பு சிறிது. ஆகவே, அதன் வழியே இறங்கும் எடை மிகுந்த அழுத்தத்தைத் தருகிறது. நீட்டிய கால் அடித்தளத்தை அகலமாக்குவதால், கீழிருப்பவர் தள்ளினாலும் மேலிருப்பவர் எளிதில் சாய்வதில்லை. கீழிருப்பவர் புரளும்போது மேலிருப்பவரும் உடனே நிலையை மாற்றுகிறார். மார்போடு மார்பு பொருந்தக் குறுக்கே படுத்தோ, இருபுறமும் கால்களை இட்டு அமர்ந்தோ அடக்குகிறார்.

பளுதூக்குதலோடு ஒப்பிட்டால் இது மேலும் விளங்கும். தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற வேலூர் வட்டாரம் பளுதூக்கும் வீரர்களையும் தந்துள்ளது. சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம், 2014இல் கிளாஸ்கோ நகரில் நடைபெற்ற காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். இரும்பு தூக்குபவரை எதிர்த்துச் சூழ்ச்சி செய்வதில்லை. மற்போரில் கீழே கிடப்பவரோ ஒவ்வொரு நொடியும் விடுபட முயல்கிறார். ஆகவே, மேலிருப்பவர் அவருடைய அசைவை உடலாலேயே அறிய வேண்டும்.

மல்யுத்தத்தில் எதிராளியின் இரு தோள்பட்டைகளையும் விரிப்பில் படியச் செய்தால் ஆட்டம் முடிகிறது. ஜூடோவில் முதுகு தரையில் இருக்க 20 வினாடி அடக்கினால் முழு வெற்றி கிடைக்கிறது.

தட்டும் கை

மார்பு அழுத்தப்படும்போது விலா எலும்புகள் போதிய அளவு விரிவதில்லை, மூச்சு தடைப்படுகிறது. ஆகவே, ஜுஜிட்சுவிலும் ஜூடோவிலும் ஒரு மாறா விதி உண்டு. கீழிருப்பவர் கையால் தட்டினாலோ வாயால் சொன்னாலோ பிடியை உடனே விட வேண்டும். நடுவரும் பயிற்றுநரும் அருகிலிருப்பது இதற்காகவே. அவர்கள் இல்லாத இடத்தில், விளையாட்டாகக்கூட இப்பிடிகளை முயலலாகாது.

அழுத்துபவர் செவிசாய்க்க மறுத்தால் நேர்வதை உலகம் கண்டிருக்கிறது. 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், காவலர் ஒருவர் ஜார்ஜ் ஃபிளாய்டு என்பவரின் கழுத்தில் 9 நிமிடங்களுக்கும் மேலாக முழங்காலை ஊன்றியிருந்தார். மூச்சுவிட இயலவில்லை என்று அவர் பலமுறை கூறியும் கால் விலகவில்லை, அவர் உயிரிழந்தார். அது கொலைக்குற்றம் என 2021இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மற்போர்க் கலையில் முழங்காலை ஊன்றக் கற்பவர், அதனை எடுக்கவும் உடன் கற்கிறார். எதிராளியின் மூச்சு தம் பொறுப்பில் இருப்பதை உணர்ந்தவரே அக்கலையை முழுமையாகக் கற்றவர் ஆவார்.