சதவீதத்துக்குள் அடங்காத வீடு: முன்னாள் படைவீரரின் அன்றாடத் தேவையை யார் அளப்பது?

திருத்தணி முருகன் கோயிலுக்கு ஏற 365 படிகள். இளமையில் அவற்றை ஒரே மூச்சில் ஏறிய ஒரு ஹவில்தாரை நினைத்துக்கொள்ளுங்கள். எழுபது வயதில் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. உயிர் பிழைத்து வீடு திரும்பினார், பென்ஷன் மாதாமாதம் வருகிறது, மாத்திரை பாலிகிளினிக்கில் கிடைக்கிறது. ஆனால் வீட்டு வாசலில் இருக்கும் மூன்று படிகளை அவரால் இறங்க முடியவில்லை. கொல்லைப்புறத்துக் கழிவறைக்கு அவரைக் கூட்டிப்போவது மனைவி. அந்த அம்மாவுக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது, மூட்டு வலி வேறு.

திருத்தணிப் பக்கத்தில் இப்படிப்பட்ட வீடுகள் அபூர்வம் இல்லை. 13 கிலோமீட்டர் தள்ளி அரக்கோணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி விமானத் தளம் 1992 முதல் இயங்குகிறது. மேற்கே வேலூர் வட்டாரம் தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பும் பூமி. அங்குள்ள கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர் வழங்குகிறது. படையில் இருந்தவர்களில் போரில் காயம்பட்டவர்கள் சிலர்தான். மற்றவர்களை எல்லோரையும் போல முதுமையும் சர்க்கரையும் பக்கவாதமும் மூட்டுத் தேய்மானமும் பிடிக்கின்றன. அந்தப் பெரும்பான்மையின் அன்றாடத் தேவையை நம் ஏற்பாடு எங்கே தவறவிடுகிறது என்பதுதான் இங்கே விஷயம்.

படையில் ஊனமுற்றவரின் நிலையை அளப்பது மெடிக்கல் போர்டு. அது தருவது ஒரு சதவீதம். 20 சதவீதத்துக்குக் குறைந்தால் பொதுவாக ஊனமுற்றோர் ஓய்வூதியம் கிடையாது. அதற்கு மேல் போனால் 50, 75, 100 என்ற மூன்று படிநிலைகளில் ஒன்றுக்கு உயர்த்திக் கணக்கிடுவார்கள். 100 சதவீத ஊனம், எப்போதும் ஓர் ஆள் துணை வேண்டும் என்று போர்டு பரிந்துரைத்தால், உடனிருப்பவருக்கான உதவித்தொகை சேரும். 4,500 ரூபாயாக இருந்த அந்தத் தொகை ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2017 ஜூலையில் 6,750 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

ஊனம் பணியோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்பது இதில் அடிப்படை. ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கழித்துப் பக்கவாதம் வந்த நம் ஹவில்தாருக்கு இந்தக் கதவு திறக்காது. 2003 ஏப்ரலில் தொடங்கிய இ.சி.எச்.எஸ். என்னும் முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் தன் பாலிகிளினிக்குகளில் அவருக்கும் மனைவிக்கும் வைத்தியம் பார்க்கும். 80 வயது தொட்டால் ஓய்வூதியம் 20 சதவீதம் கூடும், 85இல் 30 சதவீதம். கையில் ஆளுக்குக் கொடுக்கக் கொஞ்சம் பணம் வரும் காலம் அதுதான். அவரைத் தூக்கி நிறுத்த வேண்டிய காலமோ 70இலேயே வந்துவிட்டது.

சதவீதம் உடம்பைப் பற்றிச் சொல்கிறது. அந்த உடம்பு எந்த வீட்டில் வாழ்கிறது, யார் கூட இருக்கிறார்கள் என்பது அதில் வராது. அதைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எனப்படும் செயல்முறைச் சிகிச்சையாளர்கள். பிசியோதெரபிஸ்ட் காலுக்குப் பலம் ஏற்றப் பார்ப்பார். இவர் அந்தக் காலை வைத்துக்கொண்டு ஒருவர் குளித்து, உடுத்தி, சாப்பிட்டு, வாசலுக்கு வந்து உட்கார என்னென்ன மாற வேண்டும் என்று பார்ப்பார். இந்தத் துறை உலகெங்கும் வேரூன்றியதில் முதல் உலகப் போரில் காயமடைந்த சிப்பாய்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இந்தியாவில் 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான முதல் பள்ளியைத் தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து இந்நாட்டு மருமகளாக வந்தவர். 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் துறையினருக்கான தேசிய ஆணையச் சட்டம் இத்தொழிலுக்குச் சட்ட அங்கீகாரமும் கொடுத்துவிட்டது.

மதிப்பீடு பெரும்பாலும் ஒரு படிவத்தில் தொடங்கும். 1965இல் வெளியான பார்தல் அளவுகோல் பத்து வேலைகளைக் கேட்கிறது: சாப்பிடுதல், குளித்தல், தலைவாரி முகம் மழித்தல், உடுத்துதல், மலம், சிறுநீர் அடக்கம், கழிவறை, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், நடை, படியேறுதல். மொத்தம் 100 மதிப்பெண். கட்டிலிலிருந்து மாறுவதற்கும் நடைக்கும் 15 வீதம், குளியலுக்கு 5. நல்ல கருவிதான். ஆனால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுவது பற்றி அதில் தனிக் கேள்வி இல்லை. குந்தி உட்காரும் கழிவறை பற்றியும் இல்லை. நம் வீடுகளில் பாதிச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

கை விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வலக்கை விழுந்துவிட்டால் சாப்பிடுவதும் இடக்கையால், கழுவுவதும் இடக்கையால் என்றாகிறது. பலர் இதை வெளியே சொல்வதில்லை; சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வார்கள், பந்தியில் உட்கார மறுப்பார்கள். பசி இல்லை போலிருக்கிறது என்று வீட்டார் நினைப்பார்கள். நல்ல தெரபிஸ்ட் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வார். தடித்த பிடியுள்ள ஒரு ஸ்பூனும், கழிவறையில் தண்ணீர் பீய்ச்சும் ஒரு குழாயும் போதும், அந்த மனிதர் மறுபடி எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட.

அடுத்து வீடு. அரையடி உயரத்தில் மூன்று படி என்றால் ஒன்றரை அடி உயரம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்ற விகிதத்தில் சாய்தளம் அமைக்க 18 அடி வேண்டும். தெருவை ஒட்டிய வீட்டில் 18 அடிக்கு எங்கே போவது? அதனால் சிலர் செங்குத்தாக ஒரு சரிவைப் பூசிவிடுகிறார்கள், வீல்சேர் உருண்டு ஆள் விழுகிறார். வந்து பார்க்கும் தெரபிஸ்ட் பக்கவாசலில் மடித்துப் போடலாமா, ஒரு படியைக் குறைக்கலாமா என்று டேப்பை வைத்து அளந்து சொல்வார். குளியலறைக் கதவுக்குள் வீல்சேர் நுழையுமா, கைப்பிடி எந்த உயரத்தில், கட்டிலில் உட்கார்ந்தால் பாதம் தரையில் படிகிறதா, ராத்திரி விளக்கு ஸ்விட்ச் கைக்கு எட்டுகிறதா என்றெல்லாம் பார்ப்பார். இவற்றில் பெரும்பாலானவை கொத்தனாரும் தச்சரும் இரண்டு நாளில் முடிக்கக்கூடியவை.

திருத்தணிக்கு என்று ஒரு கேள்வியும் உண்டு. கத்திரி வெயில் நாள்களில் தமிழகத்தில் அதிக வெப்பம் பதிவாகும் ஊர்களின் பட்டியலில் இந்த ஊர் அடிக்கடி வருகிறது. தண்டுவடத்தின் மேல்பகுதியில் அடிபட்டவருக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது, உடம்பு தன் சூட்டைத் தணித்துக்கொள்ள முடியாது. அவருடைய கட்டில் தகரக் கூரைக்குக் கீழே கிடக்கிறதா என்பது மருத்துவக் கேள்வி. சென்னையிலோ வேலூரிலோ ஏசி அறையில் உட்கார்ந்து படிவம் நிரப்பினால் அது தெரியவே தெரியாது.

கட்டிலோடு கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப்புண் வரும் என்று டாக்டர் சொல்லி அனுப்புகிறார். இரவு முழுக்க யார் விழித்திருப்பது? ஒருவர் கையால் நோயாளியின் உடல் எடையில் தூக்கலாம் என்று அமெரிக்கத் தொழில்பாதுகாப்பு ஆய்வாளர்கள் வகுத்த வரம்பு 35 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 16 கிலோ. பயிற்சி பெற்ற செவிலியருக்கே அதுதான் எல்லை. அறுபது கிலோ மனிதரை நம் வீட்டுப் பெண்கள் அக்குளில் கை கொடுத்து இழுத்துத் தூக்குகிறார்கள். அவர் தோளும் கெடுகிறது, இவர் இடுப்பும் போகிறது. இடுப்பில் கட்டும் பெல்ட், கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே போடும் வழுக்குப்பலகை, எந்தக் கால் முன்னால் என்ற வித்தை, இவற்றைக் கைபிடித்துக் கற்றுக்கொடுப்பதும் இந்தத் தெரபிஸ்ட்டின் வேலை.

பராமரிப்பவரின் சுமையை அளக்கவும் கருவி இருக்கிறது. ஸ்டீவன் ஜாரிட் 1980இல் உருவாக்கியதன் வழியில் வந்தது, 22 கேள்விகள். தனக்கென்று நேரம் இருக்கிறதா, உடம்பு கெட்டுப்போகிறதா என்ற வகையில் கேட்கும். கணவர் பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் நம் ஊர் அம்மாக்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொல்வார்கள்: எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். தனியே, அடுப்படியில் நின்று, அவர் பேசும் மொழியிலேயே கேட்க வேண்டும். திருத்தணி 1960 ஏப்ரல் வரை ஆந்திராவில் இருந்த தாலுகா. இங்கே அந்த மொழி பல வீடுகளில் தெலுங்காகவும் இருக்கும்.

வெளிநாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள்? கனடாவில் படைவீரர் நலத்துறை 1981 முதல் நடத்தும் திட்டத்தில், முதியவர் சொந்த வீட்டிலேயே இருக்க ஆள் வைத்துக்கொள்ளவும் வீட்டு வேலைக்கும் உதவி தருகிறார்கள். வீட்டுக்கு வந்து தேவையை மதிப்பிடச் செயல்முறைச் சிகிச்சையாளர்களைப் பயன்படுத்துகிறார்கள். 2018 ஏப்ரலில் பராமரிப்பவருக்கென்றே மாதம் 1,000 கனடா டாலர் தரத் தொடங்கினார்கள். அதைப் பராமரிப்பவர் பெயரிலேயே கொடுக்கிறார்கள் என்பது பெரிய விஷயம். அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டம் தகுதியுள்ள குடும்பப் பராமரிப்பாளருக்கு உதவித்தொகை, பயிற்சி, ஓய்வெடுக்க மாற்று ஆள் என்று தருகிறது.

நமக்கு மரபு இல்லாமல் இல்லை. புனே ஆர்டிஃபிஷியல் லிம்ப் சென்டர் 1944இல் வந்தது. கிர்க்கியில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களுக்கான மறுவாழ்வு மையம் 1974இல் திறந்தது. தமிழ்நாட்டிலேயே, வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் 1966இல் உருவானது டாக்டர் மேரி வர்கீஸால். 1954இல் விபத்தில் தண்டுவடம் முறிந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை செய்தவர் அவர். நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துப் பழக்குவது அங்கே வழக்கம். திருத்தணியிலிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஆனால் படியிறங்க முடியாதவருக்கு அது எட்டாத தூரம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட்டையும் வலிநிவாரணச் செவிலியரையும் அனுப்புகிறது. வீட்டுக்கு வருவது நம்மால் முடியும் என்பதற்கு அதுவே சான்று. அந்த வண்டியில் செயல்முறைச் சிகிச்சையாளருக்கும் இடம் வேண்டும். பாலிகிளினிக் அமைப்பிலும், இத்தனை மாவட்டங்களுக்கு ஒருவர் என்ற கணக்கிலாவது, வீடு வீடாகப் போகும் பணியிடம் வேண்டும். வீட்டைப் பார்த்தவர் எழுதும் அறிக்கை, ஊனம் பணியால் வந்ததா இல்லையா என்று பார்க்காமல், துணையாள் உதவிக்கு அடிப்படையாக வேண்டும்.

அதுவரை காத்திருக்க முடியாத குடும்பங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. பாலிகிளினிக் மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டோடு, மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்குப் பரிந்துரையும் கேளுங்கள். போகும்போது வாசற்படி, குளியலறை, கட்டில் மூன்றையும் செல்போனில் படம் பிடித்து, கதவின் அகலத்தையும் படியின் உயரத்தையும் குறித்துக்கொண்டு போங்கள். பணியால் வந்த ஊனம் முற்றியிருந்தால் மறுமதிப்பீட்டுக்கு மனு போடலாம்; வழிகாட்டத் திருவள்ளூரில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. படைப் பணியோடு தொடர்பில்லாத ஊனத்துக்கு, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, தீவிர ஆதரவு தேவைப்படுபவர் விண்ணப்பித்து மதிப்பீடு கோர வழி செய்கிறது. பராமரிக்கும் மனைவியோ மகளோ மருமகளோ கூடப் போனால், அவரும் டாக்டரிடம் தனியாகப் பத்து நிமிடம் கேட்டு வாங்கிப் பேச வேண்டும், தன் இடுப்பு வலியையும் தூக்கமில்லாத இரவுகளையும் சேர்த்தே சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும்.